வரிசையில் நிற்பவர் விரும்பி நிற்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தேசிய மாணவர் படையில், நம் பிள்ளைகள் வாயில் என்.சி.சி.யில், சேருவது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டுமா, எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டுமா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "கட்டாயமாக்கினால்தான் ஒழுக்கம் வரும், சிங்கப்பூரைப் பாருங்கள்" என்றார். பார்ப்போம். அதற்கு முன் நம் நாட்டைப் பார்த்துவிடலாமே? நாமும் இதைச் செய்து பார்த்தவர்கள்தான்.

1948-ல் சட்டம் போட்டுத் தொடங்கியபோது என்.சி.சி. விரும்பிச் சேருகிற படை. 1962-ல் சீனாவோடு போர் வந்தது. அடுத்த ஆண்டே கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள். 1968-ல் மறுபடி விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அதே 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யின் இந்தி ஆணைச் சொற்கள் வேண்டாம் என்பதும் சேர்ந்திருந்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மாணவன் அந்த வரிசையில் நின்றே தீர வேண்டும் என்றிருந்ததால்தான் அது இன்னும் ஆழமான புண்ணானது என்பது என் எண்ணம்.

இப்போது சிங்கப்பூர். சின்ன நாடு, ஆள்பலம் குறைவு. 1967 முதல் அங்கே கட்டாய தேசிய சேவை. இளைஞர்கள் சுமார் இரண்டு ஆண்டு முழுநேரமாகப் பணியாற்றுகிறார்கள். நம் என்.சி.சி. சட்டமோ, கேடட்டாகச் சேர்ந்த காரணத்துக்காக யாரையும் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது என்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? நம் முப்படையிலேயே கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது ஐயா! எல்லையில் நிற்பவரே விரும்பிப் போனவர் என்னும்போது, கல்லூரி மைதானத்துக்குப் பிள்ளையை இழுத்து வருவானேன்?

சரி, பயிற்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கேம்ப்பில் ஃபயரிங் நாள். கையில் பாயிண்ட் டூ டூ ரைஃபிள். குப்புறப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்தி வைக்க வேண்டும். பக்கத்தில் ஹவில்தார் மெதுவாகச் சொல்வார்: மூச்சை இழு, பாதி விடு, நிறுத்து, இப்போது அமுக்கு. ஆசையோடு வந்த பெண் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மூச்சை நிறுத்துவாள். அப்புறம் டார்கெட் அட்டையை வாங்கி, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று விரல் வைத்துப் பார்ப்பாள். வருகைப் பதிவுக்காக வந்தவன் படபடவென்று சுட்டுவிட்டு எழப் பார்ப்பான். நிஜத் தோட்டா என்பதால் ஹவில்தாரின் கண் முழுக்க அவன் மேலேயே இருக்கும். கற்க வந்தவளுக்குப் போக வேண்டிய நேரம் அவனைக் காவல் காப்பதில் போய்விடும். கட்டாயத்தின் கணக்கை எதிரணி இங்கே போட்டுப் பார்க்க வேண்டும்.

விருப்பம் என்றால் ஆள் வராது என்கிறார்கள். டெரிட்டோரியல் ஆர்மி என்று ஒன்று இருக்கிறதே! சொந்தத் தொழிலை விடாமல், ஆண்டில் சில வாரம் சீருடை போடுகிறவர்களின் படை. 1949-ல் ராஜாஜி தொடங்கி வைத்தது. 1962, 1965, 1971 மூன்று போர்களிலும் பணியாற்றியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையான மசூரி மலைச் சரிவுகளில் மரம் வளர்க்க 1982-ல் அதிலிருந்தே ஒரு சுற்றுச்சூழல் பட்டாலியன் கிளம்பியது. அதில் பெரும்பாலோர் ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். மறுபடி சீருடை போட்டு மண்வெட்டி எடுத்தார்கள். கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011-ல் இதே படையில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? 2015-ல் ஆக்ராவில் பாராசூட் பயிற்சியை முடித்தார், 2019-ல் காஷ்மீருக்குப் போய்த் தன் பட்டாலியனோடு தங்கினார். எந்தச் சட்டம் அவரை அனுப்பியது?

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. என்.சி.சி. பிரிவே இல்லாத பள்ளிகள் ஏராளம். பிரிவு இருக்கும் இடத்திலும் இடங்கள் கொஞ்சம். ஓடிக் காட்டி, உயரம் அளந்து, கடைசியில் பெயர் வராமல் திரும்புகிற பிள்ளைகள் ஒவ்வொரு ஜூனிலும் உண்டு. 2020 ஆகஸ்டில் எல்லையோர, கடலோர மாவட்டங்களில் 1 லட்சம் புதிய கேடட்டுகளைச் சேர்ப்பதாக அரசு அறிவித்தது, மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சொன்னது. அது சரியான திசை. கேட்கிறவர்களுக்குக் கதவைத் திறக்கிற வேலை.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: சேர வேண்டும் என்று வந்து நிற்கிற பிள்ளைக்கே இடமில்லை என்று சொல்லும் நாம், வேண்டாம் என்கிற பிள்ளைக்கு எந்த இடத்தைக் கட்டாயமாகக் கொடுக்கப் போகிறோம்? நன்றி, வணக்கம்.