சிக்கி நிற்கும் மரம்

நேயர்களுக்கு வணக்கம். காட்டில் மரம் வெட்டும் வேலையில் விபத்து என்றதும், கைதவறிய இயந்திர ரம்பமும் அறுபட்ட காலுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவையும் நடக்கின்றன, ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மேலிருந்து விழும் மரமும் கிளையும்தான்.

அவற்றிலும் நான் திரும்பத் திரும்பப் பேசி வருவது சிக்கி நிற்கும் மரத்தைப் பற்றி. அடியில் அறுத்த மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தின் கிளைகளில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். பார்வைக்கு அது அசையாமல் இருக்கலாம். ஆனால் அதன் முழு எடையும் வளைந்த கிளைகளின் மேல் தொங்குகிறது, அடிமரமோ எந்தப் பக்கம் துள்ளும் என்று அனுபவசாலியாலும் சொல்ல முடியாது. தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவது, சிக்கிய மரத்தில் ஏறுவது, வேறொரு மரத்தை அதன்மேல் சாய்ப்பது, அதன் கீழே புகுந்து வேலை செய்வது ஆகிய எதையும் செய்யக் கூடாது. இரண்டு மர நீளத்துக்குள் யாரும் வராமல் தடுத்துவிட்டு, தொலைவில் நின்று இழுவை இயந்திரத்தால் இறக்குவதே முறை.

எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி, அப்படி ஒரு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றில் சிவப்புத் துணியையும் முடிந்துவிட்டு, ஆட்களை வேறு பக்கம் அனுப்பினார். ஒப்பந்தக்காரர் கடிந்துகொண்டும் அவர் அசையவில்லை. அன்று பிற்பகலில் காற்று எழுந்தபோது, யாரும் தொடாமலே அந்த மரம் சரிந்தது. அடிப்பகுதி எகிறி, காலையில் ஆட்கள் நின்ற பக்கமாகவே வந்து விழுந்தது.

இது தெரிந்தும் தொழிலாளி ஏன் உள்ளே போகிறார்? அவருக்குக் கூலி வெட்டிய மரத்தின் கன அளவுக்கே கிடைக்கிறது, இழுவை இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. அவரை யாரும் மரத்தடிக்குத் தள்ளுவதில்லை, கூலிமுறையே தள்ளிவிடுகிறது. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. அது இல்லாமல் தலைக்கவசத்தை மட்டும் கொடுப்பது போதாது. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1998-இல் வனப்பணிப் பாதுகாப்புக்கென்றே நடைமுறைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்தம் எழுதுபவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

மரத்தை அறுக்கும் முறையையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் குறைவாக இருக்கிறது. ரம்பத்தை இயக்குமுன் மேலே பார்த்துப் பட்ட கிளைகளைக் கவனியுங்கள். மரம் சாயும் திசைக்குப் பின்புறமாகச் சாய்கோணத்தில் ஒதுங்கும் வழியை முதலிலேயே துப்புரவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வேலைக்குப் போகாதீர்கள். ரம்பத்தின் சத்தம் நூறு டெசிபெலைத் தாண்டுவதால், கூப்பிட்டாலும் கேட்காது என்பதை மனத்தில் வைத்துக் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரம்பத்தைப் பல ஆண்டுகள் பிடித்தவர்களுக்கு விரல்கள் வெளிறி மரத்துப்போனால், அது ரம்பத்தின் அதிர்வால் வந்ததாகவும் இருக்கலாம், குளிர் என்று விட்டுவிடாமல், ரம்பம் பிடிக்கும் தொழில் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். வணக்கம்.