பழைய காரில் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர், எந்த நேரம்?

நேயர்களுக்கு வணக்கம். சிக்னலில் நிற்கும்போது கார் லேசாகக் குலுங்குகிறது. சைலன்சரிலிருந்து சீராக வரவேண்டிய ஓசை நடுநடுவே தாளம் தப்புகிறது. மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டிக்கு இழுவை இல்லை. இந்தக் கோளாறைத்தான் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்றும் ‘எஞ்சின் மிஸ் அடிக்கிறது’ என்றும் சொல்கிறார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரும், தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரும் கொண்ட, கணினி இல்லாத பழைய பெட்ரோல் கார்களில் இதை எப்படிக் கண்டறிந்து சரிசெய்வது என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும் நிலையில், நிமிடத்துக்கு 800 சுற்றுகள் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால், ஒரு நிமிடத்தில் மொத்தம் 1,600 எரிதல்கள் நடக்கின்றன. அவற்றில் ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் 400 எரிதல்கள் நின்றுவிடுகின்றன. மற்ற மூன்றும் அந்தச் சிலிண்டரையும் சேர்த்துச் சுமக்கின்றன. ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரிவதற்கு மூன்று தேவைகள் உண்டு: சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன், உரிய நொடியில் விழும் வலுவான தீப்பொறி. மிஸ்ஸிங்குக்கான காரணம் எதுவாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் பலர் இந்த வரிசையில் யோசிப்பதில்லை. முதலில் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றுகிறார்கள், பிறகு அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரை, பிறகு உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் காயிலை, கடைசியில் கார்பரேட்டரையே மாற்றுகிறார்கள். நான்கு பாகங்கள் மாறிய பிறகும் கோளாறு அப்படியே இருக்கும்போது, புதிதாகப் போட்ட பாகங்களில் ஏதேனும் இன்னொரு கோளாறைக் கொண்டுவந்ததா என்பதுகூடத் தெரியாமல் போய்விடுகிறது. எனவே எதையும் வாங்கும் முன், மிஸ்ஸிங் எந்த சிலிண்டரில் இருக்கிறது, எந்த நேரத்தில் வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுவிடுங்கள் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

முதல் கேள்விக்கான சோதனை எளியது. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, மின்காப்புள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். நன்றாக எரியும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் வேகம் உடனே இறங்கும். எரியாத சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எந்த மாற்றமும் தெரியாது. காயிலிலிருந்து வருவது பல்லாயிரம் வோல்ட் என்பதால் வெறும் கையால் தொடக்கூடாது. தளர்ந்த ஆடையை விசிறியின் அருகே கொண்டுபோகக்கூடாது. மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடக்கூடாது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய வண்டிகளில் வயரை அந்தரத்தில் விட்டால் அதன் மின்னணுப் பெட்டியான மாட்யூல் கெடக்கூடும் என்பதால், கழற்றிய வயரின் முனையை ஒரு பழைய பிளக்கில் செருகி, அந்தப் பிளக்கை எஞ்சின் உலோகத்தோடு சேர்த்துவைக்க வேண்டும்.

தவறும் சிலிண்டர் தெரிந்துவிட்டால், அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றிப் போட்டு மறுபடியும் சோதியுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி பிளக்தான். அது அதே சிலிண்டரில் தங்கிவிட்டால், அடுத்து நீளம் ஒத்த நல்ல வயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பதை மட்டும் மீறாதீர்கள். இந்தச் சோதனைக்குப் பணச்செலவே இல்லை. ஆனாலும் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கழற்றிய பிளக்கின் முனையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பு நிறம் நல்ல எரிதலின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கும், ஏர் ஃபில்டரும், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் அளவான ஃப்ளோட் மட்டமும் பார்க்கப்பட வேண்டும். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வுத் தண்டைத் தாங்கும் வால்வு கைடு வழியாகவோ ஆயில் இறங்குகிறது. வெள்ளையாக வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னே போயிருக்கிறது.

இரண்டாவது கேள்வி நேரத்தைப் பற்றியது. ஐட்லிங்கில் மட்டும் மிஸ் அடித்து, வேகம் கூடியதும் மறைந்துவிட்டால், கார்பரேட்டரில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையான ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. அதிலிருந்து கிளம்பும் வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பிடித்தால், எதை நெரிக்கும்போது ஐட்லிங் சீராகிறதோ அந்த வழியில்தான் கசிவு இருக்கும். அது பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயாக இருந்தால் வண்டியை எடுக்கும் முன் அதைச் சரிசெய்துவிட வேண்டும், ஏனென்றால் அப்போது கேள்வி எஞ்சினைத் தாண்டிப் பிரேக்கைப் பற்றியதாகிவிடுகிறது.

மேடு ஏறும்போது மட்டும் மிஸ் அடித்தால், தீப்பொறியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. வலுக்குறைந்த காயிலோ வெடித்த வயரோ அப்போதுதான் தன் குறையைக் காட்டும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் தடுமாறி, ஆறியபின் மீண்டும் சரியாகும் வண்டியில் பெரும்பாலும் காயில் அல்லது கண்டென்சர்தான் காரணம். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டுகளில் பொறி தெறிப்பதைக் குறைப்பதே கண்டென்சரின் வேலை; அவற்றுக்கிடையே பளிச்சென்று பெரிய பொறி தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது என்றே கொள்ளலாம்.

ஈரமான காலைகளில் மட்டும் மிஸ் அடித்த ஒரு வண்டி என்னிடம் வந்தது. வேறிடத்தில் அதன் கார்பரேட்டரை இரண்டு முறை பிரித்துப் பூட்டியிருந்தார்கள். அன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைச் சுற்றி நீரை மெல்லிய தூவலாகத் தெளித்தேன். மூடியின்மேல் மயிரிழை போன்ற ஒரு கோட்டில் நீலப்பொறி ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. பகலில் கண்ணுக்கே தெரியாத அந்த விரிசலில் கரி படிந்து, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகத் தப்பிக்கொண்டிருந்தது. மூடியையும், உள்ளே சுழன்று மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டாரையும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

பிளக், வயர், கலவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் தவறினால், கம்ப்ரஷனை அளக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, காயிலின் இணைப்பைத் துண்டித்து, பிளக் துளையில் அழுத்தமானியை வைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நல்ல எஞ்சின்கள் பொதுவாக 120 முதல் 180 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை காட்டும்; ஆனாலும் அந்த எண்ணைக் காட்டிலும் சிலிண்டர்களுக்கிடையேயான வித்தியாசமே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடியும் அளந்தால் அழுத்தம் ஏறுகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வைச் சந்தேகியுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடத்தை, அவசியம் அளந்து பாருங்கள். டேப்பட் சத்தம் போட்டால் எல்லோரும் பயப்படுகிறார்கள். சத்தமே இல்லாத, இடைவெளி மறைந்துபோன டேப்பட்தான் அதைவிட ஆபத்தானது. இடைவெளி இல்லாததால், எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுமையாக உட்காராவிட்டால், அதன் வெப்பம் ஹெட்டுக்குள் இறங்க வழியில்லாமல் வால்வின் விளிம்பே எரிந்துவிடும். இடைவெளியைச் சரியாக வைப்பதாலேயே சில எஞ்சின்கள் பிழைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கோளாறு நீங்கிய பிறகு இரண்டு வேலைகள் மீதமுள்ளன. பாயிண்ட் இடைவெளியை மாற்றியிருந்தால் இக்னிஷன் டைமிங்கும் நகர்ந்திருக்கும். எனவே இடைவெளியை முதலிலும் டைமிங்கை அதற்குப் பிறகும் வைக்க வேண்டும். அடுத்து, ஆயில் அளவுகோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு பிளக்குகளையும் மறுபடியும் கழற்றி, வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே வெளிர் பழுப்பில் இருந்தால் வேலை முடிந்தது. நன்றி, வணக்கம்.