தோசை ஆறிப்போன ஆண்டி ஹார்டி படம்

வணக்கம் மக்களே. வெளியே மழை, மைக்கில் கொஞ்சம் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். தட்டில் இரண்டு தோசை. சாப்பிட்டுக்கொண்டே பார்க்க லேசாக ஏதாவது வேண்டும் என்று ஆண்டி ஹார்டி வரிசையில் அடுத்த படத்தைப் போட்டேன். ‘லைஃப் பிகின்ஸ் ஃபார் ஆண்டி ஹார்டி’, 1941-இல் வந்தது. முதல் தோசை உள்ளே போனது. இரண்டாவது ஆறி விறைத்துப்போய்த் தட்டிலேயே கிடந்தது.

இந்த வரிசையைத் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோ 1937-இல் ஆரம்பித்தது. மொத்தம் 16 படங்கள். கார்வெல் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே ஒரு நீதிபதி, அவர் குடும்பம், மகன் ஆண்டி. ஆண்டியாக மிக்கி ரூனி, அப்பாவாக லூயிஸ் ஸ்டோன். இதில் வரும் பெரிய பிரச்சினை எது தெரியுமா? நாலாவது படத்தில் பழைய கார் ஒன்றுக்கு இன்னும் 8 டாலர் கட்ட வேண்டும். அதற்காக நண்பனின் காதலியை வேறு யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை! எட்டு டாலர். நான் கேலி செய்யவில்லை, எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்.

என்ன சிக்கல் வந்தாலும் ஆண்டி கடைசியில் அப்பாவின் படிப்பறைக் கதவைத் தட்டுவான். இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார்கள். ஸ்டோன் அந்த நரைத்த தலையோடு பொறுமையாகக் கேட்பார், அப்புறம் நாலு வார்த்தை சொல்வார். முடிந்தது. எட்டாவது படத்தில் அம்மாவுக்கு நிமோனியா வருகிறது, வீடே கலங்குகிறது, ஆனால் பிழைத்துக்கொள்கிறார். இந்த ஊரில் நோய் வருவதே குணமாவதற்குத்தான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையோடுதான் இந்தப் பதினோராவது படத்தில் உட்கார்ந்தேன்.

இனிமேல் முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆண்டி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். அப்பாவுக்கு இவன் கல்லூரிக்குப் போய்ச் சட்டம் படிக்க வேண்டும். இவனுக்கோ அதற்கு முன்னால் நியூயார்க் போய்ச் சொந்தக் காலில் நின்று பார்க்க ஆசை. ஜூடி கார்லண்ட் நடித்த தோழி பெட்ஸியோடு காரில் கிளம்புகிறான். இதுவரை வழக்கமான படம்தான்.

நியூயார்க்கில் அவனுக்கு ஜிம்மி என்று ஒரு பையன் பழக்கமாகிறான். ரே மெக்டொனால்ட் நடித்திருக்கிறார். நடனக்காரனாக வர வேண்டும் என்று கனவு. கையில் காசில்லை, வேலையும் இல்லை. ஆண்டி தன் வாடகை அறையில் யாருக்கும் தெரியாமல் அவனைத் தங்க வைக்கிறான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுவார், பையன் கட்டிலுக்கு அடியில் ஒளிவான், ஒரு காமெடி டிராக் ஓடும் என்று நினைத்தேன். தோசையைப் பிட்டுக்கொண்டே சிரிக்கத் தயாராக இருந்தேன். ஆண்டி அறைக்குத் திரும்பி வருகிறான். ஜிம்மி செத்துக் கிடக்கிறான்.

படத்தை நிறுத்திவிட்டேன். பத்து நிமிடம் பின்னால் போய்த் திரும்பப் பார்த்தேன், ஏதாவது தவறவிட்டேனோ என்று. இல்லை. உண்மையாகவே செத்துவிட்டான்.

முதலில் இந்தச் சாவைத் தற்கொலையாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை அலுவலகம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் படத்தில் இதய நோய் என்று வருகிறது. இதைத்தான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இதயம் என்று சொன்னதும் எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள், இல்லையா? வேலை கொடுக்காத ஊர், பசி, வாடகை, எதன் மேலும் பழி இல்லை. ஆனால் பார்க்கிற நாம் அதை நம்புவதில்லை. அந்தப் பையனின் நிலைமையை அதற்கு முன்னாலேயே காட்டிவிட்டார்களே! மருத்துவக் காரணத்தைப் பிற்பாடு ஒட்டினால் தையல் தெரியத்தான் செய்கிறது.

அப்பா இந்தப் படத்திலும் பேசுகிறார். கல்யாணத்துக்கு முன்னாலேயே வருங்கால மனைவிக்கு உண்மையாக இருப்பது பற்றி நீளமான அறிவுரை. ஏனென்றால் ஆண்டி நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் ஜெனிட் என்று ஒரு பெண், பாட்ரிஷியா டேன் நடித்தது, ஆண்டியைக் கிறங்கடித்து வைத்திருக்கிறாள். ஸ்டோன் நன்றாகவே பேசுகிறார். எனக்குத்தான் காது அங்கே போகவில்லை. ஜிம்மியைப் பற்றி அந்தப் படிப்பறையில் என்ன பேசி என்ன தீர்க்க முடியும்? எட்டு டாலர் பிரச்சினைக்கு அப்பா போதும். இதற்கு அப்பாவாலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வரிசையில் அது முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது.

லீஜன் ஆஃப் டீசன்சி என்ற கத்தோலிக்க அமைப்பு இது சிறுவர்களுக்கு ஏற்ற படமில்லை என்றது. ஆண்டி ஹார்டி படத்துக்கு!

ஜூடி கார்லண்ட் விஷயம் இன்னொன்று. இந்தப் படத்துக்காக அவர் நாலு பாட்டுப் பதிவு செய்தார். நாலையும் வெட்டிவிட்டார்கள். அதில் ஒன்று ‘அபைட் வித் மீ’, சவ அடக்கத்தில் பாடுகிற கீர்த்தனை. 19 வயதுக் குரலில் அதை இந்தக் கதைக்குள் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டியது சரி என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, ஏற்கெனவே கனம் தாங்கவில்லை. இன்னொரு பக்கம், அழுவதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். இந்த வரிசையில் அவர் நடித்த மூன்றாவது படம் இது, கடைசியும் இதுதான்.

இத்தனைக்கும் பிறகு எம்ஜிஎம் சும்மா இருந்ததா? 1942-இல் அடுத்த படம் ‘தி கோர்ட்ஷிப் ஆஃப் ஆண்டி ஹார்டி’. பெயரைக் கேட்டாலே தெரிகிறது, பழைய பாதைக்குத் திரும்பியாயிற்று. 1943-இல் அமெரிக்க வாழ்க்கை முறையைக் காட்டியதற்காக இந்த வரிசைக்கு ஸ்டுடியோ சிறப்பு ஆஸ்கரும் வாங்கியது. அதில் இந்தப் படமும் சேர்த்திதானே, ஜிம்மியும் சேர்த்திதானே.

சரி, இன்றைக்கு ராத்திரி அந்த அடுத்த படம். இந்தத் தடவை முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காரப் போகிறேன்.