மறைமலை நகருக்குப் போனவர்கள்

(தலைப்பு: பெருகும் மக்களுக்கு இடம் கொடுக்கச் சென்னை மேலே உயர வேண்டுமா, பக்கவாட்டில் பரவ வேண்டுமா? ‘உயர வேண்டும்’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வானம் மூடிக்கிடந்தும் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், “மாடி மேல் மாடி கட்டினால் குழாயில் தண்ணீர் வராது, தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது; ஊரை விரியவிடுங்கள், தனி வீடும் முருங்கை மரமுமாக வாழலாம்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். முருங்கை மரம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அண்ணன் குடியிருப்பது அண்ணா நகரில், மூன்றாவது மாடியில். விசாரித்துவிட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவுதான் எஃப்.எஸ்.ஐ. அது ஒன்றரை இருந்தபோது ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019-ல் வந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு அதை 2 ஆக்கின. இப்போது 4,800. கூடுதலாக வந்த 1,200 சதுர அடியில் சின்னதாக இரண்டு வீடு. அந்த இரண்டு வீட்டுக்கும் இடமில்லை என்றால் அந்தக் குடும்பங்கள் மறைந்தா போய்விடும்? மறைந்து போகாது. மறைமலை நகர் போகும், செங்கல்பட்டுப் பக்கம்.

மேற்கு மாம்பலத்தில் நான் பிறந்த வீடு ஒரு கிரவுண்டு. கிணறு, துவைகல், இரண்டு தென்னை, ஒரே குடும்பம். இன்று அதே இடத்தில் ஆறு குடும்பங்கள். துவைகல் மட்டும் பிழைத்துக்கொண்டது. வாட்ச்மேன் அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். கிணற்றை மூடியபோது எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அந்த ஆறு வீட்டிலிருந்தும் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம்.

2022-ல் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள் என்று அண்ணன் பூரித்தார். வரைபடத்தில் கோடு போட ஒரு பேனா போதும். அந்தக் கோடு வரைக்கும் பாதாளச் சாக்கடை போடுவது யார், அண்ணே? நூறு வீட்டுக்கு அடுக்குமாடியில் ஒரு குழாய் போதும். அதே நூறு வீடு நூறு மனையில் இருந்தால் எத்தனை தெருவைத் தோண்ட வேண்டும்!

வெள்ளம் வந்ததே என்பீர்கள். வந்தது. 2015-ல் முடிச்சூர் மூழ்கியது. 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் படகு ஓடியது. இதெல்லாம் ஊர் உயர்ந்த இடமா, பரவிய இடமா? ஏரியிலும் சதுப்பிலும் மனை போட்டு விற்றதன் பலன் அது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. கிடைத்தபோது மிச்சமிருந்தது பழைய பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

பரவிய ஊரில் யார் தூரமாகப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஊருக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வீடு கிடைத்தது, வேலை போனது. ஏனென்றால் காலை 6 மணிக்கு வாசலில் நிற்க அவர் 4 மணிக்கே பஸ் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் ஏது?

“உயரமாகக் கட்டினால் கோடீஸ்வரன்தான் வாங்குவான்” என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. புது வீடு விலை அதிகம்தான். ஆனால் அவனுக்குப் புது வீடு இல்லை என்றால் உங்கள் பழைய வீட்டுக்கு வாடகையை ஏற்றிக் கேட்டு வருவான். பம்பாய்த் தீவு நகரில் எஃப்.எஸ்.ஐ.யை 1991 விதிகள் 1.33-ல் இறுக்கிக் கட்டின. அதற்காக ரயிலில் கூட்டம் குறைந்ததா?

இருபதடி சந்தில் இருபது மாடி கட்டச் சொல்லவில்லை நான். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அந்த நிலையங்களைச் சுற்றிக் கட்டுங்கள் என்கிறேன். அப்புறம், வழக்கமான அளவுக்கு மேல் கட்ட பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று ஒரு கட்டணம் வாங்குகிறார்களே, அந்தப் பணம் அதே தெருவின் குழாய்க்குப் போகட்டும். இது அண்ணனுக்காக அல்ல, அரசாங்கத்துக்காகச் சொல்கிறேன்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடிக்கிறேன். என் பேச்சைக் கேட்க என் தங்கை மகனும் வந்திருந்தான். கடைசி வரிசையில் நின்றவன் எப்போதோ கிளம்பிவிட்டான். அவன் வேலை நுங்கம்பாக்கத்தில், வீடு கூடுவாஞ்சேரியில். உங்கள் தீர்ப்பைச் செங்கல்பட்டு வண்டியில் நின்றுகொண்டே போனில் கேட்பான். நன்றி, வணக்கம்.