தண்டும் ஓடுது, புலமும் ஏறுது

(சேலத்தில் பிளஸ் டூ மாணவர்களிடம் பேசியது)

மின்காந்தத் தூண்டல் என்று சொன்னதுமே முன்வரிசையில் நாலைந்து வாய் 'பி எல் வி' என்று முணுமுணுத்ததைப் பார்த்தேன். தப்பில்லை. இரண்டு தண்டவாளம், ஒரு முனையில் மின்தடை, மேலே வழுக்கி ஓடும் ஓர் உலோகத் தண்டு. காந்தப்புலம் மாறாமல் இருக்கிற வரைக்கும், புலம் (B), தண்டவாள இடைவெளி (l), தண்டின் வேகம் (v) மூன்றையும் பெருக்கி வோல்ட்டைச் சொல்லும் அந்த வாய்ப்பாடு போதும். தண்டு ஓடும்போதே புலமும் ஏறிக்கொண்டிருந்தால்தான் வில்லங்கம்.

ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக் கணக்கு. இந்த வருஷம் மரவள்ளி டன் கணக்கில் குறைந்துவிட்டது, ஆனால் விலை ஏறிவிட்டது என்றால் அப்பா கைக்கு வருகிற காசு கூடுமா குறையுமா? ரெண்டையும் பார்க்காமல் சொல்ல முடியாது இல்லையா. காந்தப்பாயமும் அப்படித்தான், புலத்தையும் பரப்பையும் பெருக்கி வருவது. அது மாறுகிற வேகம்தான் மின்னியக்கு விசை, அதாவது சுற்றில் கரண்டை ஓட்டுகிற வோல்ட்.

சரி, எண் போட்டுப் பார்ப்போம். தண்டவாள இடைவெளி 0.5 மீட்டர். புலம் இந்த நொடியில் 0.2 டெஸ்லா, நொடிக்கு 0.1 டெஸ்லா வீதம் ஏறுகிறது. தண்டு, மின்தடை இருக்கும் முனையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, அந்த முனையை நோக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வருகிறது. பி எல் வி 0.1 வோல்ட். புலம் ஏறுவதால் வருவது, 0.5 பெருக்கல் 2 பெருக்கல் 0.1, அதுவும் 0.1 வோல்ட். பரப்பு சுருங்குகிறது, புலம் ஏறுகிறது, ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. தண்டு ஓடுகிறது, புலம் மாறுகிறது, ஆனாலும் அந்த நொடியில் கரண்ட் பூஜ்யம்!

ஒரு நொடி முன்னாடி போங்கள். தண்டு 3 மீட்டரில், புலம் 0.1. பாயம் 0.15 வெபர். நடுவில் 0.2. ஒரு நொடி கழித்து மறுபடியும் 0.15. ஏறி இறங்குகிறது, அதனால் கரண்டும் அந்த நடு நொடியில் திசை மாறுகிறது.

பாரடே 1831-இல் தூண்டலைக் கண்டார், லென்ஸ் 1834-இல் திசைக்கு விதி சொன்னார். அந்த விதியை 'விசை எப்போதும் தண்டின் ஓட்டத்தைத் தடுக்கும்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்களே, அது தப்பு. லென்ஸ் விதி தடுப்பது பாயத்தின் மாற்றத்தை. பாயம் ஏறுகிற அந்த முதல் நொடியில் சுற்று தன் பரப்பைச் சுருக்கப் பார்க்கும், அதாவது உள்ளே வருகிற தண்டை இன்னும் உள்ளே தள்ளும். பாயம் இறங்க ஆரம்பித்த பிறகுதான் பிடித்து இழுக்கும்.

இந்த இரண்டு பங்குக்கும் காரணமும் ஒன்றில்லை. தண்டு ஓடினால் அதற்குள் இருக்கிற எலெக்ட்ரான்கள் மேல் காந்த விசை. புலம் மாறினால் தண்டு இல்லாத வெற்றிடத்திலும் மின்புலம் சுழலும். காந்தம் நகர்ந்தால் ஒரு விளக்கம், கம்பி நகர்ந்தால் வேறு விளக்கம், கரண்ட் மட்டும் ஒன்றா என்கிற உறுத்தலில்தான் 1905-இல் ஐன்ஸ்டைன் தன் சார்பியல் கட்டுரையையே தொடங்கினார்.

என்னப்பா, கடைசி வரிசையில் கை? தண்டை உள்ளே தள்ளுகிற ஆற்றல் எங்கிருந்து வருகிறதா? நல்ல கேள்வி. புலம் தானாக ஏறாது. நம்ம சேலத்துக் கஞ்சமலைக் காந்தக்கல்லை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, கரண்டைக் கூட்டக்கூட ஏறுகிற மின்காந்தச் சுருள் வேண்டும். தண்டுக்கும் மின்தடையின் சூட்டுக்கும் கொடுக்கிற கூலி அந்தச் சுருளின் மின்மூலத்திலிருந்துதான் போகிறது.