புல்லுருவி என்று சுரண்டிவிடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. ஆர்க்கிட் என்றாலே குளிரும் கண்ணாடிக் கூண்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் காப்பித் தோட்டம் கொடைக்கானல் மலைச்சரிவில் தாண்டிக்குடிக்கும் கீழே, பங்குனி பிறந்தால் வத்தலக்குண்டு அனல் சரிவேறி வந்து முகத்தில் அடிக்கிற இடத்தில் இருக்கிறது. இங்கே மரத்திலேயே ஆர்க்கிட் வளர்க்கிறேன். எல்லாம் வளராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலில் உறவுக்காரர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து சீலோஜைன் என்ற ஆர்க்கிட் கொத்து ஒன்று கொடுத்தார். சோலைக்காட்டுச் செடி, வெள்ளைவெளேர் என்று பூக்கும். 2,100 மீட்டர் உயரத்தில் ராத்திரிக் குளிரில் வாழ்ந்ததைக் கீழே கொண்டுவந்து, வெயிலுக்கு வாடுகிறதே என்று இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது கோடையில் குமிழ்த்தண்டெல்லாம் சுண்டைவற்றல் மாதிரி சுருங்கிப் போயிற்று, அடியில் வேர் அழுகியிருந்தது.

அப்புறம்தான் இந்த உயரத்துக்குச் சொந்தமான செடிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். வாண்டா டெசலேட்டா சமவெளி மாமரத்திலேயே வளரும். அகாம்பே, நரிவால் ஆர்க்கிட் இரண்டும் வெயில் தாங்கும். அசாமில் பிஹு ஆட்டத்தில் பெண்கள் கொண்டையில் வைக்கிற பூ இந்த நரிவால்தான், நமக்குச் சித்திரை பிறக்கிற அதே நாட்களில். இவற்றின் இலை தடிமனாக இருக்கும், பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் காற்றை வாங்கும், அதனால்தான் வெயிலில் காய்ந்துபோவதில்லை. வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல் ஓர் உறை இருக்கும், நனைந்தால் பச்சையாகிவிடும், காய்ந்தால் மறுபடி வெளுக்கும். வேர் பச்சையாக இருக்கும்வரை தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். ஊற்றுவதானால் விடியற்காலையில், குருத்துக்குள் தேங்காமல்.

செடிக்கு எங்கே போவது? காட்டுக்கு மட்டும் போகாதீர்கள். காப்புக்காட்டில் பறிப்பது குற்றம், அதோடு ஒரு காயில் தூசிபோல் லட்சக்கணக்கில் விதை இருந்தாலும் அதற்கேற்ற பூஞ்சை மரப்பட்டையில் கிடைத்தால்தான் முளைக்கும், நாம் பிடுங்கியதைக் காடு சீக்கிரம் ஈடுகட்டாது. ஆனால் நம்ம தோட்டத்தில் நிழல் மரம் கவாத்து எடுக்கும்போது வெட்டி விழுகிற கிளைகளைப் பாருங்கள். எத்தனை ஆர்க்கிட் விறகோடு அடுப்புக்குப் போகிறது! இன்னொரு பக்கம், புல்லுருவி என்று நினைத்து அரிவாளால் சுரண்டிவிடுகிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டைமேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான், மழையும் காற்றும் தருவதே அதற்குப் போதும். முன்பு எங்கள் ஆட்களும் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள்தான், இப்போது அரிவாளை ஓங்கும் முன் மரத்திலிருந்தே “அண்ணே, இது உருவியா, பூவா?” என்று குரல் கொடுக்கிறார்கள்.

அப்படி விழுந்த கிளையிலிருந்து எடுத்த செடியைக் கட்டுவதற்கு மா, பலா நல்லது. கொய்யாவும் தைலமரமும் வேண்டாம், பட்டையை உரித்துப் போடுகிற மரத்தில் வேர் எப்படிப் பிடிக்கும்? பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டுங்கள், கம்பி வேண்டாம். தண்டின் கிழக்குப் பக்கமாகக் கட்டினால் காலை வெயில் கிடைக்கும், மேற்கு வெயில் இலையைப் பொசுக்காது. ஏப்ரல் நடுவில் நம் மலைக்குச் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும், அதனால் மேலே இலைக்கூரை இருக்கிற கிளையாகப் பாருங்கள். மாசியில் கட்டினால் பிழைப்பது சிரமம், மழை தொடங்கும் சமயம் கட்டினால் செடி தானே வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும்.

சரி, இன்னொன்று. டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டில் சில வகை கோடையில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். செத்துப்போச்சு என்று போன மாதம் யாராவது பிடுங்கி எறிந்திருந்தால், குப்பைமேட்டில் ஒருமுறை கிளறிப் பாருங்கள், உயிர் இருந்தாலும் இருக்கும்.