டெம்போவில் பைக் ஏற்றினால் கவர் போடாதீர்கள் மக்களே

வணக்கம் மக்களே. குரல் கேட்கிறதா? முப்பந்தலில் நிற்கிறேன், மைக்கில் காற்றுச் சத்தம் வரத்தான் செய்யும். பின்னால் காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பாருங்கள். டெம்போவில் இருப்பது என் அத்தான் திருநெல்வேலியில் வாங்கிய பழைய புல்லட். குளச்சலுக்குக் கொண்டு போகிறோம். விற்றவர் நல்ல மனிதர், கூடவே ஒரு கவரும் கொடுத்தார். "மூடிக் கொண்டு போங்க தம்பி, தூசி படாது" என்றார். வாங்கி மடித்து கேபினுக்குள் வைத்துவிட்டேன். ஏன் போடவில்லை என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இந்த ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு புகுந்து வரும். வள்ளியூரிலிருந்து காவல்கிணறு வரை நமக்கு வலது பக்கம் அடிக்கும். அங்கே மேற்கே திரும்பியதும் நேராக முகத்தில்தான். டெம்போ 60 கிலோமீட்டரில் போகிறது, எதிர்க்காற்று 40 என்று வைத்துக்கொள்ளுங்கள், பைக்கின் மேல் படுவது 100 கிலோமீட்டர் காற்று. அந்தக் காற்றில் எந்தக் கவரும் சும்மா இருக்காது. படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். துணிக்கும் டேங்க்குக்கும் நடுவில் புழுதி போய் உட்கார்ந்தால், அப்புறம் அது கவர் இல்லை, உப்புத்தாள். வழி முழுக்கத் தேய்த்துக்கொண்டே வரும். ஓரமும் மூலையும்தான் முதலில் போகும். மூடாமல் வந்தால் தூசி படியும், உண்மைதான். தூசியைக் கழுவிவிடலாம், தேய்ந்த பெயிண்டை என்ன செய்வது?

கவர் காற்றைப் பிடித்தால் இன்னொரு தொல்லை, வண்டியே ஆட ஆரம்பிக்கும், கட்டும் தளரும். பார்சல் சுற்றுகிற பிளாஸ்டிக்கை இறுக்கமாகச் சுற்றினால் படபடக்காது, அது பரவாயில்லை. ஆனால் இறக்கியவுடனே கிழித்து எடுத்துவிட வேண்டும். நம்ம கடற்கரை ஈரம் உள்ளே மாட்டினால் குரோமுக்கு ஆகாது.

சரி, கட்டு. இதைக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற இந்தப் பட்டை, எங்கே போகிறது பாருங்கள். ஹேண்டில்பார் கிரிப்பில் இல்லை, லெக் கார்டிலும் இல்லை. ஹெட்லைட்டுக்குக் கீழே ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தின் ஷாக் குழாய்களை, பிடித்திருக்கிற தடித்த இரும்பில் ஒரு துணி வளையம், அந்த வளையத்தில்தான் பெல்ட்டின் கொக்கி. கொக்கி நேராக வண்டியைத் தொடவே கூடாது. இரண்டு பக்கமும் முன்னாலும் கீழுமாக இழுத்து, ஃபோர்க் பாதி அமுங்குகிற வரை இறுக்கியிருக்கிறேன். அமுக்காமல் சும்மா கட்டினால், டெம்போ பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் தானாக அமுங்கும், அந்த ஒரு நொடியில் பெல்ட் தொய்ந்து கொக்கி கழன்றுவிடும். விழுகிற பைக்கில் பாதி இப்படித்தான் விழுகிறது என்பது என் எண்ணம். அதற்காக முழுசாக அமுக்கவும் வேண்டாம், ஆயில் சீலுக்குக் கேடு. பின்பக்கம் சேஸிஸில் கட்டுங்கள். பின்னால் உட்காருகிறவர் பிடிக்கிற கம்பியில் கட்டினால் அது வளைந்துதான் வரும்.

பெல்ட்டில் ஒரு முறுக்கு இருக்கிறது, தெரிகிறதா? வேண்டுமென்றே போட்டது. தட்டையாக விட்டால் காற்றில் அதிர்ந்து விர்ரென்று சத்தம் போடும், அதிர்கிற பெல்ட் தளரும். மிச்ச வாலையும் சுருட்டிக் கட்டியாயிற்று, இல்லையென்றால் டேங்க்கில் அடித்துக்கொண்டே வரும்.

ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். டெம்போ குலுங்கும்போது எடை முழுக்க அந்த ஒரு கம்பியில் இறங்கும். முன் சக்கரம் கேபின் சுவரில் முட்டி நிற்கட்டும், நடுவில் ஒரு பழைய டயர். சக்கரத்துக்கு அடியில் சாக்கு, தகரத் தரை ஈரமானால் வழுக்கும். முதல் கியரில் விடுங்கள். கண்ணாடிகளைக் கழற்றி சட்டையில் சுற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூட மறக்கக் கூடாது. குலுக்கலில் கார்புரேட்டருக்குள் இருக்கிற ஃப்ளோட் என்கிற மிதவை துள்ளி பெட்ரோல் வழியும், வெயிலில் அது விளையாட்டு இல்லை. சாரல் வேறு வரும் போலிருக்கிறது, சைலன்சர் வாயில் வேஸ்ட் துணி அடைத்திருக்கிறேன். அந்தத் துணியின் ஒரு கீற்றைச் சாவியிலும் கட்டியிருக்கிறேன், பாருங்கள். ஸ்டார்ட் பண்ணப் போகிறவருக்கு ஞாபகம் வரட்டும், எங்கள் அத்தான் ஆர்வக்கோளாறு.

முப்பந்தலில் நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. நிறைய டிரைவர்கள் இசக்கியம்மனைக் கும்பிட இங்கே நிறுத்துவார்கள். நாமும் கும்பிட்டுவிட்டு அப்படியே பெல்ட்டை ஒரு தடவை இறுக்கிவிடலாம். ஏற்றிய புதிதில்தான் கட்டு அதிகம் தளரும். உண்மையில் கிளம்பி பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலேயே ஒரு முறை பார்த்துவிட வேண்டும், பார்த்தோம்.

இனி நாகர்கோவில் தாண்டினால் மீன் வண்டிகள். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் ரோட்டில் ஒழுகிக்கொண்டே போகும். அதன் பின்னால் ஒட்டிப் போனால் மொத்தமும் நம் ஸ்போக்கிலும் செயினிலும்தான். டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், மீன் வண்டி வந்தால் முன்னால் போக விட்டு இடைவெளி விட்டு வாருங்கள் என்று. எப்படியும் கொஞ்சம் படும். குளச்சலில் இறக்கியதும் இன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், நாளைக்கு என்று விடக் கூடாது. ஹோஸ் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் போகும். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய்.

கவரையா? அதை வீட்டில் போர்த்தலாம், வண்டி கழுவிக் காய்ந்த பிறகு. அண்ணன் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன். இறக்குவதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன், ஏற்றுவதைவிட அதில்தான் ஆள் அதிகம் வேண்டும்.